தீக்கோழியின் வாழ்வும் நாம் அதன்மேல் ஏற்றிய பழியும்

(தமிழாசிரியர் ஒருவர், கலேவெல)

தோற்றுவாய்

ஆசிரியத் தொழிலிற் புகுந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக மரபுத்தொடர்ப் பாடம் நடத்தி வருகிறேன். வருகின்ற இடரைக் காண மறுத்துக் கண்ணை மூடிக்கொள்வோனைக் குறிக்கத் 'தலையை மணலிற் புதைத்த தீக்கோழி' என்னுந் தொடரை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுவேன். எழுதிய பின்னர், "தீக்கோழி என்பது பெரியதொரு பறவை, பகைவனைக் கண்டதும் தலையை மணலுள் நுழைத்துக்கொண்டு, தன்னை எவரும் காணார் என எண்ணியிருக்கும் பேதைமை உடையது" என்று விளக்கமும் கூறுவேன். மாணாக்கர் அதனைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வர். தேர்விலும் எழுதுவர். நானும் புள்ளி வழங்குவேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், தேவஹுவைக் குளத்துப் பக்கமிருந்து வரும் கமக்காரர் ஒருவரின் மகன் எழுந்து நின்றான். "ஐயா, தலையை மணலுக்குள் வைத்தால் அது மூச்சு விடுவது எப்படி?" என்று வினவினான். வகுப்பு நகைத்தது. நானும் நகைத்தேன். ஆயினும் விடை கூற என்னால் இயலவில்லை. "நாளை சொல்கிறேன், தம்பி" என்று கூறி அமர்ந்தேன். அந்த நாளையும் வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது. நூல்களைப் புரட்டியபோதுதான், இத்தனை ஆண்டும் நான் கற்பித்தது பொய் என்பதை அறிந்து நாணினேன்.

என்னிடம் பயின்ற பலர் இன்று உத்தியோகத்தராகவும், வணிகராகவும், ஆசிரியராகவும் விளங்குகின்றனர். அவர்களுட் பலர் இவ்விழா மலரை வாசிப்பர். அவர்களுக்கு நான் பட்ட கடனைத் தீர்ப்பதற்கு இதனினும் தக்க இடம் வேறில்லை. ஆதலின் தீக்கோழியின் மெய்யான வாழ்க்கையை இங்கு ஒரு பாடமாகவே எழுதத் துணிந்தேன்.

பெயர்

முதலிற் பெயரை ஆராய்வோம். அதுவே தமிழாசிரியனுக்கு உரிய வாயில். ஈழத்தில் நாம் தீக்கோழி என்கிறோம்; தமிழகத்தார் நெருப்புக்கோழி என்பர். தெலுங்கரும் 'நிப்புக்கோடி' என நெருப்போடு சார்த்தியே வழங்குகின்றனர். இப்பறவை கல்லையும் இரும்பையும் எரிகின்ற தணலையும் விழுங்கிச் செரிக்கும் என்ற பழைய நம்பிக்கையே இப்பெயருக்கு அடிப்படை. கல்லை விழுங்குவது உண்மை; அதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம். தணலை உண்பது கட்டுக்கதை. எனவே தமிழில் இப்பறவையின் பெயரே ஒரு பொய்யுடன் தொடங்குகிறது.

பிற நாட்டார் அதனை ஒட்டகத்தோடு ஒப்பிட்டனர். பாரசீகத்தில் அது 'ஒட்டகப்பறவை'; இந்தியிலும் அப்பெயரே வழங்குகிறது. அறிவியலார் 1758ஆம் ஆண்டு முதல் வழங்கும் 'ஸ்ட்ருதியோ கமெலஸ்' என்னும் பெயரிலும் ஒட்டகம் உண்டு. நீண்ட கழுத்து, நீண்ட கால், வறண்ட நிலத்தில் வாழும் ஆற்றல் ஆகியவற்றை நோக்குமிடத்து இவ்வொப்புமை பொருத்தமானதே.

இன்னுமொரு நுட்பமும் உண்டு. பறவைகளின் ஆணைச் 'சேவல்' என்று கூறும் மரபை விதிக்கும் தொல்காப்பிய மரபியல், மயிலை மட்டும் அதற்கு விலக்காக்குகிறது. மயிலின் தோகை பெண்மைச் சாயலைத் தருதலே காரணம் என்பது உரையாசிரியர் கருத்து. தீக்கோழிக்கு அத்தடை இல்லை. அதன் ஆணைச் சேவல் என்றும் பெண்ணைப் பேடை என்றும் கூறலாம். அதன் இளமைப் பெயர்தான் சிக்கலானது. 'பார்ப்பு', 'பிள்ளை' என்பவற்றை மரபியல் பறப்பவற்றின் இளமைக்கு உரியனவாகச் சொல்கிறது. பறவாத பறவையின் பிள்ளையை என்னென்பது? குஞ்சு என்னும் உலக வழக்கையே இங்குக் கொள்வோம்.

தோற்றமும் உறுப்புகளும்

இன்று உலகில் வாழும் பறவைகளுள் மிகப் பெரியது தீக்கோழியே. வளர்ந்த சேவல் 2 மீற்றருக்கு மேற்பட்டு, 2.7 மீற்றர் வரை உயரும். எடை 100 கிலோகிராமைக் கடந்து 150 வரையும் செல்வதுண்டு. நம் ஊர் வீட்டின் தாழ்வாரக் கூரையை அது நின்றபடியே எட்டிப் பார்க்கும். பேடை சற்றுச் சிறியது. சேவல் கருநிறமும், சிறகு நுனியிலும் வாலிலும் வெண்ணிறமும் உடையது. பேடை சாம்பல் கலந்த கபில நிறமுடையது. இந்நிற வேறுபாடு வீணாக அமைந்ததன்று என்பதை அடைகாத்தலைக் கூறுமிடத்துக் காண்க.

பறக்கும் பறவைகளின் மார்பெலும்பில் படகின் அடிமரம்போல் ஒரு முகடு புடைத்து நிற்கும். சிறகை இயக்கும் தசைகள் அதிற் பற்றியிருக்கும். தீக்கோழிக்கு அம்முகடு இல்லை, மார்பெலும்பு தட்டையானது. இறகுகளின் இழைகளும் ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ளாது தனித்தனியே தொங்கும். அதனாற்றான் அவ்விறகு அத்துணை மென்மையாக இருக்கிறது. இறகுக்கு நெய் பூசும் சுரப்பியும் அதற்கு இல்லை. ஆகையால் மழையில் நன்றாக நனைந்துவிடும்.

சிறகு பறக்க உதவாவிடினும் பயனற்றதன்று. ஓட்டத்தில் உடலை நிலைப்படுத்தவும், விரைந்து திரும்பவும் அது துணைசெய்கிறது. பகல் வெயிலில் அதனை உயர்த்தி உடலுக்குக் காற்றூட்டும்; குஞ்சுகளுக்கு நிழல் செய்யும்; குளிரில் மயிரற்ற தொடைகளைப் போர்த்திக்கொள்ளும். காதலாடும் காலத்தில் சேவல் பேடையின் முன் அமர்ந்து, சிறகுகளை மாறி மாறி வீசி ஆடும்.

கால்களின் சிறப்பே சிறப்பு. பெரும்பாலான பறவைகளுக்கு நான்கு விரல்கள் உண்டு. தீக்கோழிக்குக் காலொன்றுக்கு இரண்டே விரல்கள். அவற்றுள் பெரிய விரல் குளம்புபோலத் தடித்து உடலின் பாரத்தைத் தாங்கும். தசைத்திரள் முழுவதும் தொடையின் மேற்பகுதியிலே அமைய, கீழ்க்கால் நரம்பும் எலும்புமாய் இலேசாக இருக்கிறது. ஆதலால் அது ஓர் எட்டில் 3 முதல் 5 மீற்றர் வரை தாவும். சிறிது தூரம் மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்திலும், நெடுந்தூரம் 50 கிலோமீற்றர் அளவிலும் ஓடவல்லது. கலேவெலயிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பேருந்தோடு அது பந்தயம் ஓடினால், எது முந்தும் என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

அதன் கண்விழி ஏறத்தாழ 5 சதமமீற்றர் குறுக்களவுள்ளது. நிலத்தில் வாழும் முதுகெலும்புள்ள உயிர்களுள் இதனிற் பெரிய கண் வேறெதற்கும் இல்லை. உயர்ந்த கழுத்தின் உச்சியில் இத்தகைய கண் அமைந்திருப்பதால் வெட்டவெளியில் நெடுந்தொலைவிலேயே அது பகையைக் கண்டுகொள்ளும். இத்துணைச் சிறந்த காவற்கோபுரத்தைப் படைத்த பறவையையா நாம் கண்மூடித்தனத்துக்கு உவமையாக்கினோம்!

உணவும் நீரும்

தீக்கோழி ஆபிரிக்காவின் புல்வெளிகளிலும் அரைப் பாலைநிலங்களிலும் வாழ்வது. புல், இலை, விதை, பூ, சாறுள்ள செடிகள் ஆகியன அதன் முதன்மை உணவு. வெட்டுக்கிளி முதலிய பூச்சிகளையும், கிடைப்பின் பல்லி போன்ற சிற்றுயிர்களையும் உண்ணும். பல் இன்மையால், விழுங்கிய கடிய உணவை இரைப்பையில் அரைத்தற்குக் கூழாங்கற்களையும் சேர்த்து விழுங்குகிறது. நம் வீட்டுக் கோழி மணலைக் கொத்துவதும் இதன்பொருட்டே. கோழி மணலைத் தின்பதைக் கண்டு வியவாத நாம், தீக்கோழி கல்லைத் தின்பதைக் கண்டு தணலையும் தின்னும் என்று கதை கட்டினோம்.

நீர் கிடைத்தால் விரும்பிக் குடிக்கும். கிடையாதாயின், உண்ணும் செடியிலுள்ள ஈரத்தைக் கொண்டே பல நாள் வாழும்.

கூட்டு வாழ்வு

இனம்பெருக்கும் காலம் அல்லாதபோது தீக்கோழிகள் சிறிதும் பெரிதுமான கூட்டங்களாய்த் திரியும். வரிக்குதிரையும் மானும் மேயும் வெளியில் அவற்றோடு கலந்து மேய்வதைக் காணலாம். இக்கூட்டுறவால் இருபாலார்க்கும் நன்மை உண்டு. தீக்கோழியின் உயர்ந்த கண்ணும் விலங்கினத்தின் மோப்பமும் சேர்ந்து காவலாகின்றன. தலையைத் தாழ்த்தி மேயும்போதும் தீக்கோழி இடையிடையே தலையை உயர்த்திச் சுற்றிலும் நோக்கும். கூட்டம் பெரிதாயின் ஒவ்வொன்றும் நோக்க வேண்டிய நேரம் குறையும். மேயும் நேரம் கூடும். கூடி வாழ்தலின் பயனை இதனினும் எளிதாக விளக்கும் சான்று கிடைத்தல் அரிது.

இல்லறம்

இனம்பெருக்கும் காலத்திற் சேவல் தனக்கென ஒரு நிலப்பரப்பை வகுத்துக் காக்கும். கழுத்தைப் பருக்கச்செய்து ஆழ்ந்த ஒலியெழுப்பும். தொலைவிற் கேட்போர் அதனைச் சிங்கத்தின் முழக்கமென மயங்குவர். அது நிலத்தைக் காலாலும் மார்பாலும் அழுத்தி ஆழமற்ற குழியொன்று செய்யும். கூடு என்பது அவ்வளவே.

ஒரு சேவலுக்குத் தலைமைப் பேடை ஒன்று உண்டு. அதனோடு வேறு சில பேடைகளும் வந்து அதே குழியில் முட்டையிட்டுச் செல்லும். ஆனால் அடைகாப்பது தலைமைப் பேடையும் சேவலும் மட்டுமே. முட்டைகள் முப்பது, நாற்பது எனச் சேர்ந்துவிடுவதும் உண்டு. ஓர் உடலால் மூடிக் காக்கத்தக்கவை ஏறத்தாழ 20 மட்டுமே. எஞ்சியவற்றின் நிலை யாது?

இவ்வினாவுக்கு விடை கண்டவர் பிரையன் பெர்ட்ராம் என்னும் ஆங்கில விலங்கியலார். கென்யா நாட்டின் சாவோ மேற்குத் தேசிய வனத்திலே கூடுகளை இடைவிடாது கவனித்து, 1979ஆம் ஆண்டிலே தம் முடிபை வெளியிட்டார். தலைமைப் பேடை மிகையான முட்டைகளைக் குழியின் விளிம்புக்கு அப்பால் உருட்டித் தள்ளுகிறது. அவ்வாறு தள்ளுவன பெரும்பாலும் பிற பேடைகளின் முட்டைகளே. தன் முட்டைகளை அது நடுவிலே காத்துக்கொள்கிறது. மனிதர் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் முட்டைகளுள், பருமன், வடிவம், ஓட்டின் நுண்டுளை அமைப்பு என்பவற்றின் சிறு வேறுபாட்டைக் கொண்டு தன்னுடையதை அது இனங்காண்கிறது போலும்.

அங்ஙனமாயின் பிற பேடைகளை முட்டையிட விடுவது ஏன்? நரியோ கழுகோ வந்து சில முட்டைகளைக் கவருமாயின், விளிம்பிலிருப்பனவே முதலில் தொலையும். நடுவிலிருப்பன தப்பும் வாய்ப்பு மிகும். பிறர் முட்டைகள் வேலியாகின்றன. பிற பேடைகளுக்கும் இதில் இழப்பில்லை. தமக்கெனக் குழியும் துணையும் அமையாத நிலையில், பிறர் காக்கும் கூட்டிலே தம் முட்டை ஒன்றேனும் பொரிக்குமாயின் அஃது ஊதியமே. அன்பு என்றோ வஞ்சம் என்றோ நாம் பெயரிடுதற்கு முன், இருபக்கக் கணக்கையும் பார்த்தல் வேண்டும்.

முட்டை ஒன்று ஏறத்தாழ 1.4 கிலோகிராம் எடையும், 15 சதமமீற்றர் நீளமும் உடையது. ஏறத்தாழ இரண்டு டசின் கோழிமுட்டைக்கு அது நிகர். உலகிலுள்ள பறவை முட்டைகளுள் இதுவே பெரிது. ஆயினும் தாயின் உடலோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய முட்டை இடுவதும் இப்பறவையே என்பது வியப்புக்குரியது.

அடைகாத்தல் ஆறு கிழமை அளவு நிகழும். பகலிற் பேடை அமரும். இரவிற் சேவல் அமரும். மணல் நிறத்தோடு ஒத்த பேடை பகலிற் புலப்படாது. கரிய சேவல் இருளிற் புலப்படாது. நிற வேறுபாட்டின் பயன் இதுவே. நம் ஊர் ஆண் மயிலோ தோகை விரித்து ஆடுவதோடு தன் கடமையை முடித்துக்கொள்ளும். அடைகாத்தலும் குஞ்சு வளர்த்தலும் பெண் மயிலின் தலைமேலே விழும். அழகில் மயில் வெல்லலாம். இல்லறக் கடமையில் தீக்கோழிச் சேவலே வெல்லும்.

குஞ்சுகள் பொரித்தவுடனே வீட்டுக்கோழி அளவினவாய், புள்ளியும் வரியும் கொண்டு, உலர்ந்த புல்லோடு ஒத்த நிறத்தினவாய் இருக்கும். விரைவில் நடக்கவும் தாமே கொத்தவும் தொடங்கும். இரு குடும்பங்கள் எதிர்ப்படின் பெற்றோர் தம்முள் பொருது, வென்ற இணை இருதிறத்துக் குஞ்சுகளையும் தம்மோடு அழைத்துச் செல்லும். இவ்வாறு பெருங் குஞ்சுக்கூட்டமொன்றை இரண்டொரு முதுபறவைகள் நடத்திச் செல்வதும் உண்டு. ஓர் ஆசிரியனுக்கு இக்காட்சி அந்நியமானதன்று.

பகையும் காப்பும்

சிங்கம், சிறுத்தை, கழுதைப்புலி முதலியன வளர்ந்த தீக்கோழியையும் கொல்லும். நரியும் கழுகும் முட்டையையும் குஞ்சையும் கவரும். பல கூடுகள் பொரிக்குமுன்னரே அழிகின்றன. பொரித்த குஞ்சுகளுள்ளும் ஓராண்டைக் கடப்பவை மிகச் சிலவே.

முட்டையின் ஓடு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் தடிப்புடையது; சிறிய அலகால் உடையாது. ஆனால் மஞ்சள்முகப் பாறு என்னும் பறவை கல்லை அலகாற் கவ்விக் கழுத்தை உயர்த்தி முட்டையின்மேல் எறிந்து, ஓட்டை உடைத்து உண்கிறது. ஜேன் குடால் என்னும் அம்மையாரும் அவர் கணவர் ஹியூகோ வான் லாவிக்கும் தான்சானியாவில் இதனைக் கண்டு 1966இல் எழுதினர். இப்பாறு நமக்கு அயலான பறவையன்று. தமிழகத்துத் திருக்கழுக்குன்றத்தில் நண்பகல் பூசைக்குப்பின் பொங்கலுண்ண வந்திறங்கிய இரு புட்களும் இவ்வினத்தனவே. இன்று அவை அங்கு வருவதில்லை. இவ்வினமும் உலகளவில் அருகி வருகிறது.

பகைவரைக் கண்டால் தீக்கோழி செய்வன மூன்று. முதலாவது, ஓடுதல். இரண்டாவது, ஓட வழியற்றபோது முன்னோக்கி உதைத்தல். அவ்வுதை சிங்கத்தையும் படுகாயப்படுத்த வல்லது. குஞ்சுகள் உடனிருப்பின் ஒரு பெற்றோர் சிறகு முறிந்ததுபோல் நடித்துத் தள்ளாடி ஓடிப் பகையைத் தன்பின்னே இழுக்க, மற்றையது குஞ்சுகளை வேறு வழியில் நடத்திச் செல்லும். மூன்றாவது, கூட்டில் இருக்கும்போது கழுத்தையும் தலையையும் நிலத்தோடு நிலமாக நீட்டிப் படுத்தல். அப்போது தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு ஒரு மண்மேடு மாத்திரமே தோன்றும். வெயிற்கானல் அசையும் வெளியில் அதுவும் மறையும்.

பழி பிறந்த வரலாறு

இம்மூன்றாம் செயலே பழிக்கு வித்தாயிற்று. மண்ணோடு தாழ்ந்த தலையைக் காணாதவர், தலை மண்ணுக்குள் இருப்பதாக எண்ணினர். அன்றியும் தீக்கோழி அலகைக் குழியுள் நுழைத்து முட்டைகளைப் புரட்டும்; அதனையும் தொலைவிற் கண்டோர் தலையைப் புதைப்பதாகக் கருதியிருத்தல் கூடும். கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம அறிஞர் பிளினி, இப்பறவை புதருக்குள் தலையை நுழைத்துக்கொண்டு உடல் முழுவதும் மறைந்ததாக எண்ணும் என எழுதினார். அவர் கூறியது புதர். பின்வந்தோர் அதனை மணலாக்கினர். ஒருவர் எழுதியதை ஒருவர் பார்த்தெழுத, ஏறக்குறைய 2000 ஆண்டுகள் கழிந்து அப்பொய் கலேவெலயில் ஒரு வகுப்பறைக் கரும்பலகைக்கு வந்து சேர்ந்தது. இடையில் நின்றவர் எவரும் அந்த மாணவன் கேட்ட வினாவைக் கேட்டிலர்.

மறைந்து படுத்தல் பேதைமையன்று, அறிவு. முட்டையை விட்டு ஓடாது, உயிரைப் பணயம் வைத்து, அசையாது கிடக்கும் ஒரு தாயின் அல்லது தந்தையின் செயலை நாம் கோழைத்தனத்துக்கு உவமையாக்கிவிட்டோம்.

பாரதத்தில் வாழ்ந்த தீக்கோழி

தீக்கோழி நமக்கு முற்றிலும் தூரத்துப் பறவை என எண்ணற்க. பாரத நாட்டிலும் அது ஒருகாலத்தில் வாழ்ந்தது. இராசத்தான், மத்தியப் பிரதேசம், மகாராட்டிரம் ஆகிய மாநிலங்களிற் பல இடங்களில் அதன் முட்டையோடுகள் அகப்பட்டுள்ளன. மகாராட்டிரத்து ஜல்கான் மாவட்டத்திலுள்ள பட்னே என்னுமிடத்தில், கோடுகள் கீறப்பட்ட தீக்கோழி முட்டையோடும், அவ்வோட்டாற் செய்த மணிகளும் எடுக்கப்பட்டன. அவை ஏறத்தாழ 25,000 ஆண்டுப் பழமையுடையன. குகை ஓவியங்களாற் புகழ்பெற்ற பீம்பேட்காவிலும் இத்தகைய மணிகள் கிடைத்தன. 2017ஆம் ஆண்டில், ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூற்று உயிரியல் மைய ஆய்வாளர் இவ்வோட்டுத் துண்டுகளிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து, அது ஆபிரிக்கத் தீக்கோழிக்கு நெருங்கிய உறவினது என நிறுவினர். அக்காலத்து மாந்தர் முட்டையை உண்டு, ஓட்டை மணியாக்கிக் கழுத்தில் அணிந்தனர். பறவை மறைந்தது, மணி எஞ்சியது.

அராபிய நாட்டுத் தீக்கோழியின் முடிவு அண்மையது. துப்பாக்கியும் மோட்டார் வண்டியும் பாலைநிலத்துக்கு வந்தபின் அதன் ஓட்டம் பயன்படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு அவ்வினம் அற்றுப்போயிற்று. ஆபிரிக்காவிலும் ஐரோப்பிய மாதரின் தொப்பிக்கு இறகு வேண்டிப் பல்லாயிரம் பறவைகள் கொல்லப்பட்டன. பின்னர்த் தென்னாபிரிக்காவிலே தீக்கோழிப் பண்ணைகள் எழுந்தன. 1913ஆம் ஆண்டளவில் பொன், வைரம், ஆட்டுமயிர் என்பவற்றுக்கு அடுத்த ஏற்றுமதிப் பொருளாக இறகே அங்கு விளங்கியது. 1914இல் முதலாம் உலகப் போர் மூள, இறகுத் தொப்பியின் காலமும் முடிந்தது. பண்ணையிற் பறவையைக் கொல்லாமலே இறகு வெட்டலாம் என்பது காட்டுப் பறவைக்கு ஓரளவு காப்பாயிற்று. இன்று எஞ்சியுள்ளவை இரண்டு இனங்கள். அவற்றுள் சோமாலி நாட்டுத் தீக்கோழி இடருக்குள்ளான இனமாகக் கணிக்கப்படுகிறது.

நம் வயலின் பறவை

இனி, அந்த மாணவனிடம் மீள்வோம். நான் மேற்கூறியவற்றை வகுப்பிற் கூறி முடித்தபின், அவன் என்னிடம் தனியே வந்தான். "ஐயா, எங்கள் பயற்றங்காணி ஓரத்திலே மயில் ஒன்று ஐந்து முட்டை இட்டிருக்கிறது. அப்பா உடைக்கப் போகிறார்" என்றான்.

தந்தையின் சினத்துக்குக் காரணம் இருந்தது. விதைத்த பயற்றை மயில்கள் கிளறித் தின்றுவிட்டன. மீண்டும் விதைக்க வேண்டியதாயிற்று. முன்னர் வரண்ட வலயத்துக்கே உரியதாயிருந்த மயில், அண்மைப் பதிற்றாண்டுகளில் ஈரவலயத்துக்கும் பரவிவிட்டது. காடு வெளியானமையும், மயிற்குஞ்சை உண்ணும் நரி குறைந்தமையும் காரணம் என்பர். மயில் முருகப்பெருமானின் ஊர்தி. சட்டத்தாற் காக்கப்படும் பறவை. குளிருக்கு நடுங்கியதென எண்ணிப் பேகன் அதற்குப் போர்வை ஈந்தான். இவையனைத்தையும் நான் வகுப்பிற் சொல்லலாம். ஆனால் பேகனுக்கு மலைநாடு இருந்தது. அக்கமக்காரருக்கு அரை ஏக்கர் பயறு மட்டுமே இருந்தது. அவரிடம் சென்று அறங்கூற எனக்கு வாய் எழவில்லை.

மகனே கூறினான். மயில் 28 நாள் அடைகாக்கும். பொரித்தால் குஞ்சுகளோடு அவ்விடத்தை விட்டு நீங்கிவிடும். குஞ்சுகள் முதலில் உண்பன பெரும்பாலும் பூச்சியே. அத்தனை நாளும் வரப்போரப் புல்லை மட்டும் வெட்டாது விட்டாற் போதும் என்று தந்தையிடம் கணக்காகச் சொன்னான். தந்தை சிறிது நேரம் பேசாதிருந்து, "சரி, அந்த மூலையை விடு" என்றாராம். ஐந்தில் மூன்று பொரித்தன. ஒன்றைக் கீரி கொண்டு சென்றது. எஞ்சிய இரண்டும் தாயோடு குளக்கரைப் பற்றைக்குள் புகுந்தன. அவ்வாண்டு பயற்று விளைச்சல் குறைவே. அதனை மறைத்து எழுதுதல் நேர்மையன்று. மயிலுக்கும் கமத்துக்கும் உள்ள வழக்கு ஒரு கூட்டினால் தீர்ந்துவிடவில்லை. ஆயினும் முட்டையை உடைப்பதற்கு முன் கணக்குப் பார்க்கலாம் என்பதை அக்குடும்பம் எனக்குக் கற்பித்தது.

முடிவுரை

மரபுத்தொடரைப் பாடத்திலிருந்து நீக்குக என்பது என் கருத்தன்று. அது மொழியின் செல்வம். மக்கள் அதனைத் தொடர்ந்து ஆள்வர், நாமும் ஆள்வோம். ஆனால் அத்தொடரின் பொருளைக் கற்பிக்கும்போது, அஃது உயிரினத்தின் மெய்வரலாறு அன்று என்பதையும் உடன் கற்பித்தல் ஆசிரியர் கடன். என்னிடம் அதனைத் தவறாகக் கற்ற பழைய மாணவர்கள் தம் பிள்ளைகளுக்கேனும் திருத்திச் சொல்வார்களாக. மூச்சு விடுவது எப்படி என்று ஒரு பிள்ளை வினவினால், நகைத்து அமர்த்தாது விடை தேடுவார்களாக.

மாணவர் பயிற்சிக்கு

1. தீக்கோழிச் சேவலின் கருநிறமும் பேடையின் கபில நிறமும் அடைகாத்தலுக்கு எவ்வாறு துணைசெய்கின்றன?

2. தலைமைப் பேடை பிற பேடைகளின் முட்டைகளை ஏற்பதால் அதற்கு உண்டாகும் நன்மை யாது?

3. தீக்கோழி, மயில் ஆகியவற்றின் குடும்ப வாழ்வை ஒப்பிட்டு ஒரு பந்தி எழுதுக.

4. பாரத நாட்டில் தீக்கோழி வாழ்ந்தது என்பதற்குரிய சான்றுகள் யாவை?

5. உயிரினங்களைப் பற்றி உமது ஊரில் வழங்கும் ஒரு நம்பிக்கையைத் தெரிந்து, அது மெய்யோ பொய்யோ என்பதை நேரிற் கவனித்து எழுதுக. கேட்டதை எழுதற்க; கண்டதை எழுதுக.